பையில் இல்லாதது

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவரை எங்கள் ஆலோசனை நிலையத்தில் எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில், கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள். வாடகை, பெனிபிட், கடன் என்று கரைச்சலோடு வரும் தமிழ்ச் சனத்துக்கு வியாழக்கிழமைகளில் அங்கே ஆலோசனை சொல்கிறோம். காசு வாங்குவதில்லை. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம் என்று போனேன். "மொழிபெயர்க்க இப்ப போனே இருக்குப் பிள்ளை. வழக்கைக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. பழகுறீரா?" என்று பெரியக்கா கேட்டார்.

முதல் மாதங்களில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தது மட்டும்தான். மேசையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் கிடக்கும். 1965 இல் தொடங்கிய சைல்ட் பாவர்ட்டி அக்‌ஷன் குரூப் ஆண்டுதோறும் வெளியிடுகிற நலன்புரி உதவிக் கைநூல். ஏப்ரல் வந்தால் தொகைகள் மாறிவிடும், பழைய பிரதி உதவாது. "மனப்பாடம் செய்யாதையும். எங்க பார்க்கிறதெண்டு தெரிஞ்சால் காணும்" என்பார். இன்னொரு கட்டளையும் இருந்தது. வந்தவரின் குடிவரவு நிலையைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் பொது நிதி பெற அனுமதியில்லாத விசாவில் இருப்பவரை யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிக்கு விண்ணப்பிக்க வைத்தால் அவருடைய விசாவுக்கே ஆபத்து. ஆனால் விசா பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது. 1999 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதிப் பதிவு இல்லாதவர் அதைச் சொல்வது குற்றம். அந்தப் பேச்சு வந்தால் பதிவுள்ள சட்டத்தரணியிடம் அனுப்பிவிட வேண்டும். சனத்துக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிடலாமே என்று மனம் உந்தும். அந்த இடத்தில் வாயை அடக்குவதைப் பழக எனக்குக் கனகாலம் எடுத்தது.

கடிதம் வாசிப்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் திகதி. பிறகு அனுப்பியது யார் என்பது: கவுன்சிலா, அரச திணைக்களமா, வீட்டுச் சொந்தக்காரரா, நீதிமன்றமா? பிறகுதான் விஷயம். அதிலும் முதற்கேள்வி, இது ஒரு தீர்மானமா அல்லது விவரம் கேட்டு வந்த கடிதமா என்பது. தீர்மானம் என்றால் எதிர்ப்பதற்குப் பொதுவாக ஒரு மாதம். வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட் என்றால் கவுன்சிலின் தீர்மானத்தை எதிர்த்து நேரே மேன்முறையீடு செய்யலாம். யூனிவர்சல் கிரெடிட் என்றால் முதலில் மறுபரிசீலனை கேட்டு, அதன் பதில் வந்த பிறகுதான் தீர்ப்பாயம். இந்த வேறுபாடு தெரியாமல் தவறான வாசலில் நின்று மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

2024 கோடை முடிகிற நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. அண்ணை பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை. அவர் மனைவி, அக்கா, வீட்டில். இரண்டு பையன்கள், மூத்தவனுக்கு 12 வயது, சின்னவனுக்கு 8. நாலு பேரும் பிரிட்டிஷ் குடிமக்கள். மூன்று அறை வீடொன்றில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். ஹவுசிங் பெனிபிட் நின்றுவிட்டது என்று கவுன்சில் எழுதியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு மாதத்தில் வீட்டை விடச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தார். போதாக்குறைக்கு அண்ணையின் வேலை நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். அக்கா ஒரு கடைப் பையை மேசையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினார். மூத்தவன்தான் எழுந்து நின்று, பெரிய மனிதர்போல, "அம்மாவுக்கு இங்கிலீஷ் கஷ்டம், நான் சொல்றன்" என்றான்.

பெரியக்கா அவனை மற்ற அறைக்கு அனுப்பினார். "இவ்வளவு நாளும் நீ வாசிச்சது காணும் ராசா. இனி இது எங்கட வேலை." அவன் போக மனமில்லாமல் போனான். லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் வாடகைப் பாக்கியும் வெளியேற்ற நோட்டீசும் முதலில் தெரிவது பிள்ளைக்குத்தான், ஏனென்றால் கடிதத்தை வாசிப்பது பிள்ளை. ஜாப் சென்டரில் கேட்டால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வார்கள், கவுன்சிலிடமும் கேட்கலாம். பிள்ளையை வைத்து இந்தக் கதைகளைக் கதைக்காதீர்கள் என்று நான் இப்போது வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பையிலிருந்த கடிதங்களை நான் திகதிப்படி அடுக்கினேன். பாதி உறைகள் பிரிக்கப்படவே இல்லை. அப்படி ஒரு மண்ணிற உறைக்குள் மைகிரேஷன் நோட்டீஸ் இருந்தது. பழைய டாக்ஸ் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிபிட்டும் பெற்றுவந்த குடும்பங்களை யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றுவதற்கு அரசு அனுப்பிய கடிதம் அது. மூன்று மாதத்துக்குள் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், தானாக எதுவும் மாறாது. விண்ணப்பிக்காவிட்டால் பழைய உதவிகள் நின்றுவிடும். இந்தக் குடும்பத்துக்கு நடந்தது அதுதான். கவுன்சில் கடிதத்தில் பிழை இல்லை. அதை எதிர்த்து மேன்முறையீடு எழுதியிருந்தால் காலம்தான் போயிருக்கும்.

பெரியக்கா புத்தகத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "கெடு நாள் முடிஞ்சு போச்சு. முடிஞ்சதுக்குப் பிறகு என்ன இருக்கெண்டு தேடும்." தேடிப் பிடித்தேன். கெடு நாள் தாண்டினாலும் கிட்டத்தட்ட இன்னுமொரு மாதத்துக்குள், இறுதிக் கெடுவுக்கு முன்னர் விண்ணப்பித்தால், பழைய கெடு நாளிலிருந்தே யூனிவர்சல் கிரெடிட் கணக்கிடப்படும். பழைய உதவியைவிடக் குறையாமல் பார்க்கும் இடைக்காலப் பாதுகாப்பும் கைவிட்டுப் போகாது. இறுதிக் கெடுவும் தாண்டினால் இரண்டும் இல்லை. நாட்காட்டியைப் பார்த்தோம். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. அன்று மாலையே நிலையத்துக் கணினியில் இருந்து விண்ணப்பித்தோம். அக்காவுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லை, அதை உருவாக்குவதிலிருந்து தொடங்கினோம். கடவுச்சொல்லை அக்காவே தெரிவுசெய்து தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். அதை நாங்கள் எழுதி வைக்கக் கூடாது என்பதும் ஒரு பாடம்.

விண்ணப்பத்தில் சேமிப்பு, சொத்து என்று ஒரு பகுதி வரும். சொத்து 16,000 பவுண்டுக்கு மேல் போனால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை. 6,000 தாண்டினாலே குறையத் தொடங்கும். அதில் "இல்லை" என்று போடத்தான் எல்லோருக்கும் கை போகும். பெரியக்கா கேள்வியைத் தமிழில், எங்கள் ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிக் கேட்பார். "சீட்டுப் போடுறீங்களோ? எடுத்தாச்சோ, இனித்தானோ? ஊரில காணி இருக்கோ? யாற்ற பேரில?" அண்ணை தயங்கினார். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீடு, தகப்பன் இறந்த பிறகு சகோதரர்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது. ஊரில் உள்ளதைச் சொல்லத் தேவையில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துத்தான், மறைத்தால் பின்னர் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்கள், வழக்கும் வரலாம். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பெரியக்கா அடுத்துக் கேட்டார். 74 வயதுத் தாய். அவருக்கு அது ஒன்றே வீடு. ஓய்வூதிய வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதி இருக்கிறது. அறிவித்தோம், விதியையும் குறிப்பிட்டு எழுதினோம். அண்ணையின் முகம் தெளிந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். மறைத்து வைத்திருந்த ஒன்று அவரைப் பல மாதங்களாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது வெளியேற்ற நோட்டீஸ். காரணம் சொல்லாமல் வீட்டை விடச் சொல்வதற்கு 1988 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு அந்தப் பிரிவே இல்லை. 2024 இல் அது முழுப் பலத்தோடு இருந்தது. நோட்டீசில் உள்ள நாளில் பெட்டி கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றுதான் அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. அண்ணை க்ரொய்டனில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார், நாலு பேருக்கு ஒரு அறை. பெரியக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். நோட்டீஸ் வேறு, நீதிமன்றக் கட்டளை வேறு. நீதிமன்றம் கட்டளையிட்டு, அதன் அலுவலர் வருகிற வரைக்கும் அந்த வீடு அவர்களுடையது. அவசரப்பட்டுத் தாங்களாகவே வெளியேறினால், வீடற்றோருக்கான உதவி கேட்கும்போது வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்கள் என்று கவுன்சில் சொல்லக்கூடும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அதைத் தடுக்கக் கவுன்சில் உதவியாக வேண்டும். அதற்கான கடிதத்தை என்னை எழுத வைத்தார்.

நோட்டீஸ் செல்லுமா என்பதை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதா? முற்பணம் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டமொன்றில் வைப்புச் செய்யப்பட்டதா? இல்லை, அந்த முற்பணம் எந்தத் திட்டத்திலும் இல்லை. அப்படியென்றால் நோட்டீஸ் செல்லாது, வீட்டுச் சொந்தக்காரர் நட்டஈடும் கொடுக்க வேண்டி வரலாம். உடனே எழுதிவிடுவோம் என்று நான் துடித்தேன். பெரியக்காவின் யோசனை வேறு. "இது கையில இருக்கட்டும். முதல் அவரோட கதைப்பம். அவருக்கு வேண்டியது வாடகை, இவைக்கு வேண்டியது வீடு." குடும்பத்திடம் இரண்டு வழியையும் விளக்கி, எது வேண்டும் என்று கேட்டார். சண்டை வேண்டாம் என்றார்கள். அவர்கள் ஒப்புதல் கையொப்பம் வைத்த பிறகே வீட்டுச் சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அவரும் எங்கள் ஆள்தான். "எனக்கும் மோட்கேஜ் கட்டவேணும் தங்கச்சி. நான் அந்தக் குடும்பத்தில கோவத்தில செய்யேல்லை" என்றார். யூனிவர்சல் கிரெடிட் விண்ணப்பம் போய்விட்டது, அது எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும், முதல் பணம் ஏறக்குறைய எப்போது வரும், ஹவுசிங் பெனிபிட் நின்றதற்குப் பிறகும் இரண்டு வாரப் பணம் வரவிருக்கிறது, பாக்கி இரண்டு மாதத்தை எட்டினால் வாடகையை நேரே தனக்கு அனுப்பும்படி அவர் கேட்க வழி இருக்கிறது: எல்லாவற்றையும் திகதிகளோடு சொன்னேன். முற்பணம் பற்றியும் சொன்னேன், மிரட்டாமல், உள்ளதை உள்ளபடி. வாடகை ஒப்பந்தம் எப்போதோ காலாவதியாகி இருந்ததால், இப்போதைய வாடகையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தேவைப்பட்டது. அடுத்த நாளே அனுப்பினார். நோட்டீசைத் தொடரப்போவதில்லை என்று மின்னஞ்சலில் எழுத்திலும் தந்தார். வாய்ப்பேச்சைப் பெரியக்கா ஏற்க மாட்டார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியக்கா கணக்குத் தாளை எடுத்தார்.

ஒரு குடும்பம் பெறக்கூடிய உதவிகளுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, பெனிபிட் கேப் என்பார்கள். 2013 இல் 26,000 பவுண்டாக வந்தது, 2016 இல் லண்டனுக்கு 23,000 ஆகக் குறைத்தார்கள், 2023 இல் 25,323 ஆக்கினார்கள். லண்டன் வாடகையில் இரண்டு பிள்ளைகளுள்ள குடும்பம் இந்த வரம்பை எளிதில் முட்டும், முட்டினால் வெட்டு விழுவது வாடகைக் காசில்தான். மாத உழைப்பு ஒரு எல்லைக்கு மேல் இருந்தால் கேப் கிடையாது. அந்த ஆண்டு அது 793 பவுண்ட். நேரம் குறைந்த பிறகு அண்ணையின் சம்பளம் அதற்குக் கீழே போய்விட்டது. ஆனால் அதற்கு முந்திய 12 மாதமும் ஒழுங்காக எல்லைக்கு மேலே உழைத்திருந்தால் ஒன்பது மாத அவகாசம் உண்டு. பேஸ்லிப்களை அடுக்கினோம், ஒரு மாதமும் குறையவில்லை. யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜேர்னலில் அவகாசத்தைக் கேட்டு எழுதினேன், கிடைத்தது. "சரி, ஒன்பது மாசத்துக்குப் பிறகு?" என்றார் பெரியக்கா. எனக்குப் பதில் தெரியவில்லை. "பையில உள்ளதைப் பார்த்தாச்சு. பையில இல்லாததைக் கேளும்."

அடுத்த வியாழன் நான் அக்காவிடம் வீட்டைப் பற்றிக் கேட்டேன். எந்த அறையில் யார் படுப்பது? பெரிய அறையில் அவர்கள், மற்றதில் மூத்தவன், சின்ன அறையில் சின்னவன். ஏன் பையன்கள் இருவரும் ஒன்றாகப் படுப்பதில்லை? "அவன் தமையனைப் படுக்க விடமாட்டான்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவசரமாக, "மற்றும்படி நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை" என்றார்.

சின்னவனுக்கு ஆட்டிசம். பள்ளிக்கூடத்தில் விசேட உதவி கிடைக்கிறது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் கேட்கிறவர்களுக்கு அக்கா அந்த இரண்டு வசனத்தைத்தான் பல வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கூடுதல் பராமரிப்புத் தேவைப்பட்டால் டிஎல்ஏ என்ற உதவி இருக்கிறது, பெற்றோரின் வருமானத்தை அது பார்ப்பதில்லை. அது கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கு பெனிபிட் கேப் இல்லை. அவர்கள் ஒருபோதும் கேட்டதே இல்லை. வீட்டைக் காப்பாற்றும் காகிதம் இதுதான், அது இன்னும் எழுதப்படவே இல்லை. பெரியக்கா என்னை உடனே தொலைபேசியில் படிவம் கேட்கச் சொன்னார். அழைத்துக் கேட்டால் அழைத்த நாளே விண்ணப்பத் திகதி, ஆறு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால் போதும். அழைக்காமல் தள்ளிப் போட்டால் அந்த நாட்கள் வீண்.

இந்தப் படிவத்தில்தான் நான் வேலையை உண்மையாகப் பழகினேன். அது நோயின் பெயரைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதே வயதுப் பிள்ளையைவிட எவ்வளவு கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது, பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று கேட்கும். அக்காவிடம் "இரவில எழும்புவானோ?" என்று கேட்டேன். "சில நேரம்" என்றார். அதை அப்படியே எழுதினால் ஒன்றும் கிடைக்காது, உண்மையும் அதுவல்ல. பெரியக்கா குறுக்கிட்டார். "நேற்று இரவைச் சொல்லுங்கோ. எத்தனை மணிக்குப் படுத்தவர்?" பத்து மணிக்கு. "பிறகு முதல் எப்ப எழும்பினவர்?" பன்னிரண்டு தாண்டி. என்ன செய்தான்? லைட்டைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து. யார் எழும்பியது? அண்ணை வேலையில், அக்காதான். எவ்வளவு நேரம்? திரும்பப் படுக்க ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு? மூன்று மணிக்கு முன்கதவுப் பூட்டைத் திறக்கப் பார்த்திருக்கிறான். திறப்பை அக்கா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பார். அதைச் சொன்னபோது அவருக்கே அது புதிதாகத் தெரிந்தது. இத்தனை வருடமும் அதைப் பராமரிப்பு என்று அவர் எண்ணியதில்லை, தாய் என்றால் செய்வது என்றுதான் எண்ணியிருந்தார்.

ஒரு வாரத்துக்கு இரவுக் குறிப்பு எழுதச் சொன்னோம், தமிழில், அவருக்கு வருகிறபடி. நேரம், என்ன நடந்தது, என்ன செய்தேன். அதை நான் ஆங்கிலத்துக்கு மாற்றினேன், கூட்டாமல் குறைக்காமல். எங்கள் தாய்மார் பிள்ளையின் குறையைச் சொல்லக் கூசுவார்கள், சொன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததுபோலத் தோன்றும். அந்தக் கூச்சத்தை ஏளனம் செய்தோ அவசரப்படுத்தியோ எதையும் எழுதி வாங்க முடியாது. பிள்ளைக்குப் பிடித்ததையும் கேட்க வேண்டும். அவனுக்கு ரயில் அட்டவணைகள் பிடிக்கும், டிஸ்ட்ரிக்ட் லைன் நிலையங்களை வரிசை பிசகாமல் சொல்வான். அதைச் சொன்ன பிறகுதான் மற்றவற்றை அக்காவால் நிமிர்ந்திருந்து சொல்ல முடிந்தது. பள்ளிக்கூடக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினோம்.

மாதங்கள் எடுத்தது, ஆனால் ஒன்பது மாத அவகாசம் முடிவதற்கு முன்னர் பதில் வந்தது. பராமரிப்புக்கான உயர்ந்த வீதம். கேப் போயிற்று. யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான கூடுதல் தொகையும் அக்காவுக்குப் பராமரிப்பாளர் தொகையும் சேர்ந்தன. இன்னொன்றும் இருந்தது. வாடகை உதவியைக் கணக்கிடும்போது, 16 வயதுக்குட்பட்ட ஒரே பாலாரான இரண்டு பிள்ளைகள் ஒரு அறையில் இருப்பார்கள் என்று எடுப்பார்கள், அதனால் அதுவரை இரண்டு அறை வீதம்தான். இயலாமையினால் அறையைப் பகிர முடியாத, நடுத்தர அல்லது உயர்ந்த வீதத்தில் டிஎல்ஏ பெறும் பிள்ளைக்குத் தனி அறை கணக்கில் சேரும். அந்த இரவுக் குறிப்புகளையே ஆதாரமாக வைத்துக் கேட்டோம். மூன்று அறை வீதம் கிடைத்தது. சின்னவன் முதலிலிருந்தே படுத்த அந்தச் சின்ன அறைக்கு அதன் பிறகுதான் வாடகை உதவி வந்தது.

முழு வாடகை இன்னும் அடங்கவில்லை. தனியார் வீட்டுக்கு அரசு தருவது ஒரு பகுதிக்கென்று நிர்ணயித்த தொகைதான். அந்தப் பகுதி வாடகைகளை மலிவிலிருந்து அடுக்கினால் நூற்றுக்கு முப்பதாவது இடத்தில் வருவது அது. 2011 வரை நடுவில் இருந்தது, கீழே இறக்கினார்கள். 2024 ஏப்ரலில் ஒருமுறை உயர்த்தியதோடு சரி, அடுத்த ஆண்டு அசையவில்லை, வாடகை அசைந்தது. லண்டனில் குழந்தை வளர்க்கிற எந்தக் குடும்பத்துக்கும் இது நியாயமான கணக்கல்ல என்பது என் எண்ணம். அந்த இடைவெளிக்கு கவுன்சிலின் விருப்புரிமைக் கொடுப்பனவைக் கேட்டிருந்தோம், சில மாதத்துக்குத் தந்தார்கள். அது முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்க வரவு செலவுத் தாள் வேண்டியிருந்தது. முதல்முறை அதை நிரப்பியபோது, ஊரில் தாய்க்கு அனுப்புகிற காசை அண்ணை எழுத விடவில்லை. இந்த முறை அவரே வங்கிக்கூற்றில் அந்த வரிகளுக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுவந்தார். தாயின் மருந்துச் சிட்டையையும் சேர்த்துத்தான் விண்ணப்பம் போனது.